நாய்க்கு எந்தச் சொல்

கிரிம்ஸ்பியில், பந்தயக் கடைக்கு மேல்மாடி,
வக்கீல் அலுவலகம். புதன்கிழமை, மாலை நாலரை.
ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் அவுஷ்ரா.
இரண்டு முறை சோப்புப் போட்டும்
ஹேடாக் மீன் விரலைவிட்டுப் போகவில்லை.
எதிரே தட்டச்சு செய்பவள் பெவர்லி.
மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்குகிறது,
மாட்டிப் பார்த்தவர் யாருமில்லை.

வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.
"மார்ச் மாதம் கணவரோடு பிரிந்தேன் என்று
எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.
இங்கே 'வித்' வராது. 'ஃப்ரம்'."

"எங்கள் மொழியில் 'ஓடு'தான்.
லிதுவேனியாவில் கணவனோடுதான் பிரிய முடியும்.
அதற்கும் இரண்டு பேர் வேண்டும்,
மாடிப்படியில் பீரோ இறக்குவது மாதிரி."

பெவர்லி சிரிக்கவில்லை. அழிக்கும் விசையை
நாலு முறை தட்டினாள்.
நாலு எழுத்துப் போயிற்று, நாலு எழுத்து வந்தது.
திரையில் வரியின் நீளம்கூட மாறவில்லை.

"ஆளென்றால் 'பார்ட் ஃப்ரம்'.
பொருளென்றால் 'பார்ட் வித்'.
மனமில்லாமல் கொடுப்போமே, அது."

"ஸ்கோடா கார்?"
"வித்."
"மனதோடுதான் கொடுத்தேன். கியர் பெட்டி போய்விட்டது."
"இருந்தாலும் வித்."
"தையல் மெஷின்?"
"வித்."
"மார்கிஸ்?"
"அது யார், பிள்ளையா?"
"நாய்."

பதினொரு வயது. இடது காது கிழிசல்.
மீன்பிடித் துறையில், வலைக் குவியலுக்குள்
நடுங்கிக்கொண்டிருந்ததைக்
கெஸ்தூதிஸ் தன் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.
அந்தக் கோட்டைத்தான் முதலில் பிடித்திருந்தது அவளுக்கு,
பிறகு நாயை, பிறகு கொஞ்ச நாள் அவனையும்.
இப்போது அவளுக்குக் கிடைத்திருக்கும் அறையின் கதவில்
நாய்ப் படமும் அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும்.

பெவர்லியின் விரல்கள் விசைக்கு மேலேயே நின்றன.
கீழே யாருடைய குதிரையோ ஜெயித்து
தரை வழியாக ஒரு கூச்சல் ஏறி வந்தது.
"வித் போட்டால் நாய் நாற்காலி ஆகிவிடும்.
ஃப்ரம் போட்டால் நீதிபதி சிரிப்பார்."
"சிரிக்கட்டுமே."
"உங்கள் கட்டணத்தில் சிரிப்பார், வேண்டாம்."

கெட்டில் கொதித்து அடங்கியது. யாரும் எழவில்லை.
"என்னிடம் ஒன்று இருக்கிறது," என்றாள் பெவர்லி,
திரையைப் பார்த்துக்கொண்டே.
"ராய் வாக்ட் அவுட் ஆன் மீ."
"ஆன்? மேலேயா?"
"மேலேதான்."
"உங்கள் மேல் நடந்தா வெளியே போனார்?"
இருபத்தாறு வருடமாக
அந்தச் சொல்லை அவள் குனிந்து பார்த்ததில்லை.
"ஆமாம்," என்றாள். "பூட்ஸோடு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, ஒரே நேரத்தில் அல்ல.

பிறகு அந்த வரியை
அவுஷ்ராவே சொல்லச் சொல்ல பெவர்லி அடித்தாள்:
மார்கிஸ் இப்போது என்னோடு வசிக்கவில்லை.
"இங்கே வித் சரியா?"
"இங்கே சரி."
"வசிக்காதபோதுமா?"
"வசிக்காதபோதும்."

அச்சு இயந்திரம் முனகி மூன்று தாள் தள்ளியது.
கையெழுத்து, தேதி, நாற்பது பவுண்டு.
அவள் படியிறங்கிப் போன பின்
விளக்கணைக்க எழுந்த பெவர்லி
மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள்.
மூடியில், பிடியில், எங்கும் மீன் வாடை.
துடைக்கக் காகிதம் எடுத்தவள்
எடுத்த கையோடு அப்படியே நின்றாள்.
அந்த நாயாக இருந்தால்
இதை இலேசில் விட்டிருக்காது.