வாங்க வந்தவள்

மூலக்கடையில் இறங்கி
செருப்புத் தூசியைத் தட்டிக்கொண்டேன்.
இன்று என் பெயர் ஹேமலதா.
கணவர் துறைமுகத்தில் சூப்பர்வைசர்.
பட்ஜெட் ஒன்பது லட்சம்.
ஒன்பதைச் சொல்லும்போது மட்டும்
நாக்கு கொஞ்சம் தடுக்கும்.
இப்படி ஒரு ஷோரூம் ஏறி இறங்கினால்
கைக்கு நானூறு ரூபாய்.

கதவு திறந்த நாற்பதாவது நொடியில் வணக்கம்.
கேட்காமலே தண்ணீர்.
மைலேஜ், ஏர்பேக், எக்ஸ்சேஞ்ச் போனஸ்
வரிசை தப்பாமல் சொன்னான்
ரூஃபஸ் என்று பேட்ஜ் குத்திய பையன்.
காலரில்தான் இஸ்திரி போதாது.
மனசுக்குள் டிக் அடித்தேன்.

"ஒரு ரவுண்டு போலாமா மேடம்?"
"நீங்களே ஓட்டுங்க."
எனக்கு சைக்கிளே வராது.

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து
வியாசர்பாடிப் பக்கம் திருப்புவான் என்று
யார் கண்டது?
எங்கள் தெருமுனை. தண்ணி லாரி.
பச்சைக் குடத்தோடு எஸ்தர் அக்கா
"ஏய் கஸ்தூரீ" என்று கை தூக்க
கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.
குரல் அறுந்தது.
கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கிளாஸ் ஸ்மூத்தா ஏறுதுல்ல மேடம்" என்றான்
ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

அப்புறம் அவன் லோன் பேசவில்லை.
எப்போது வாங்குவீர்கள் என்று கேட்கவில்லை.
பதினேழாம் கேள்வி அது,
அதற்குத்தான் பதினைந்து மதிப்பெண்.
பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு
ஷோரூமுக்குத் திரும்பிப் போனான்.

இரவு, போனில் படிவம்.
கேட்டாரா? ஆம். இல்லை.
ஏன் என்று எழுதக் கட்டம் இல்லை.
எஸ்தர் அக்கா எனக்கும் பிடித்து
வாசலில் வைத்துப்போன குடத்தில்
ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு
மறுபடி வந்து உட்கார்கிறேன்.