ஒரு ரோலர், ரெண்டு வீடு

டிசம்பர் பதினாறு. வாடைக்காற்று
பாம்பன் பாலத்தில் என் லோடு ஆட்டோவை
ஒரு பக்கமாய்ச் சாய்த்துப் பார்த்தது.
பின்னால் பதினெட்டு ரோல் சீரியல் செட்,
மூங்கில் ஏணி, தார்ப்பாய்,
தார்ப்பாய்க்குள் ரெண்டு ரோலர் டப்பா,
அதன்மேல் உட்கார்ந்து என் மச்சினன் அபூதாகிர்.

தங்கச்சிமடம். தெருவுக்கு இந்தப் பக்கம் இன்னாசி.
அந்தப் பக்கம் அவர் தம்பி செலஸ்டின்.
பாகப்பிரிவினையில்
படகின் உடம்பு ஒருத்தருக்கு, இன்ஜின் ஒருத்தருக்கு
என்று பிரித்துக்கொண்டவர்கள்.
நாலு வருசமாய்ப் பேச்சில்லை.
எனக்குப் போன் செய்ததில் மட்டும் ஒற்றுமை:
ஒரே காலையில், ஒரே கேள்வி,
"எதுத்த வீட்டுக்கு எத்தன பல்பு?"

நான் ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு விளக்குப் போடுகிறவன்.
கல்யாணம், கடைத்திறப்பு,
பரமக்குடி ஜவுளிக்கடை ஒன்றுக்கு மூன்று மாடி.
இந்தக் கேள்விக்குத் தொழிலில் ஒரே பதில்தான்:
"அவுகளுக்கு உங்களவிடக் கொஞ்சம் கம்மிண்ணே."
ரெண்டு பேருக்கும் சொன்னேன்.
ரெண்டு வீட்டுக்கும் ஒன்பது ஒன்பது ரோல்.

செலஸ்டின் மொட்டைமாடியில் நின்று
உதடசைத்து அண்ணன் வீட்டுப் பல்பை எண்ணினார்.
முன்னூறுக்கு மேல் காற்று விடவில்லை.
ஆணியெல்லாம் மறுநாளே துருவேறியது.
இங்கே உப்பு
அட்வான்ஸ் வாங்காமலே வேலைக்கு வந்துவிடும்.

இருபத்திரண்டாம் தேதி ராத்திரி மழை.
ஒரு ரோலர் டப்பா தண்ணீர் குடித்துச் செத்தது.
ராம்நாட்டில் எல்லார் ரோலரும் வாடகைக்குப் போயிருந்தன.
மீதமிருந்த ஒன்றில் ரெண்டு முனை.
ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் தம்பி.
நடுவில் தெருவைத் தாண்டிய ஒயரை
பஞ்சாயத்து ஒயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.
யார் மீட்டர் ஓடியது என்பதை
நான் இங்கேயும் சொல்வதாக இல்லை.

இந்த வீடு பொங்கும்போது அந்த வீடு அணையும்.
அந்த வீடு பொங்கும்போது இது.
பிள்ளைகள் நடுத்தெருவில் நின்று
வெளிச்சம் இருக்கும் பக்கமாய் ஓடி ஓடி
மூச்சு வாங்கினார்கள்.

இன்னாசி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்:
"நம்ம வீடு எரியிறப்ப பாத்தியா,
அவன் வீடு இருட்டாத்தான் கெடக்கு."
பத்து நிமிசம் கழித்து
செலஸ்டினும் ஒரு டீ. அதே வாக்கியம்.
ரெண்டு டீயும் குடித்தேன்.

பதினோரு மணி இருக்கும்.
ஏணியை மடக்கும்போது இன்னாசியின் மனைவி பவுலின்
படியிறங்கி வந்தார், கையில் சுருக்குப்பை.
"தம்பி, எதுத்தாப்புல விக்டோரியா
வாசப்படியில உக்காந்து வெங்காயம் உரிக்கிறா.
அவ மொகம் வருது, போகுது,
வருது, போகுது.
எனக்குக் கண்ணு வலிக்குது.
ரெண்டையும் சேந்தாப்புல எரிய வையி.
எம்புட்டு கூட?"

சும்மா செய்திருக்கலாம்.
ரெண்டு ஒயரை ஒரே முனையில் முறுக்கி
டேப் சுற்றும் வேலைதான்.
ஐம்பது என்றேன். வேலை வேலைதானே.
பையிலிருந்து ஈரமான ஐந்து பத்து ரூபாய்கள் வந்தன.

சேர்ந்து எரிந்தது.
பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை,
சலித்துப்போய்ப் படுக்கப் போனார்கள்.
விக்டோரியா ஒருதரம் கண்ணைச் சுருக்கி இந்தப் பக்கம் பார்த்தாள்,
பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

காலையில் ரெண்டு போன்.
"என்ன தம்பி, நம்ம வீட்ல வெளிச்சம் கொறஞ்சிருச்சு?"
"மழைண்ணே" என்றேன்,
ரெண்டு பேரிடமும்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து கழற்றப் போனோம்.
பல்புகளில் உப்பு பூத்திருந்தது.
வாளியில் நல்ல தண்ணீர் வைத்து
ரோல் ரோலாய் முக்கி எடுத்தான் அபூதாகிர்.
எது எந்த வீட்டுது என்று கேட்டான்.
அட்டை கட்டி வைக்க மறந்திருந்தேன்.

எண்ணிப் பார்.
பதினெட்டு இருந்தால் ஏற்று.