அளவு நோட்டு

அடி என்றால் அவர்களுக்கு ஒன்று.
எனக்குப் பன்னிரண்டு அங்குலம்.

சவுத் ஷீல்ட்ஸில் மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்சந்தில்
முப்பத்தொரு வருஷம் தையல்கடை வைத்திருந்தேன்.
குத்துச்சண்டைக்காரர்களின் சாட்டின் கால்சட்டைகள்
என் மிஷினில் பிறந்து
என் மிஷினுக்கே கிழிந்து திரும்பும்.
ஒரு சண்டையும் நான் பார்த்ததில்லை.
பின்புறத்தில் குங்கிலியப் பொடி அப்பியிருந்தால்
சனிக்கிழமை இரவு விழுந்திருக்கிறான் என்று அர்த்தம்.
கேட்கமாட்டேன்.
தட்டிவிட்டுத் தைப்பேன்.

வில்ஃப் கார்பட், இடுப்பு இருபத்தொன்பது.
நூற்று நாற்பது சண்டை, இரண்டு திசை பார்க்கும் மூக்கு.
அவன் உயிரெல்லாம் லீக்ஸில் இருந்தது,
வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பியான அந்தத் தண்டில்.
செப்டம்பர் காய்கறிப் போட்டி நெருங்கினால்
தோட்டக் கொட்டகையிலேயே படுப்பான்,
எவனாவது இருட்டில் கத்தியோடு வருவான் என்று.
ஒரு வருஷம் வந்தேவிட்டான்.
பதினோரு தண்டும் நெடுக்காகக் கீறிக் கிடந்தன.
உதட்டில் எட்டுத் தையல் போட்டபோது சிரித்தவன்
பாத்தியில் உட்கார்ந்து அழுததாக
அவன் மனைவி ஐவி வந்து சொன்னாள்.
கீறியவன் யாரென்று தெருவுக்கே தெரியும்.
வில்ஃப் கை வைக்கவில்லை.
"காசு கொடுத்தால்தான் அடிப்பேன்,
அவன் எங்கே கொடுக்கப்போகிறான்" என்றானாம்.

சுவரொட்டியில் ஹாரி நேஷ்.
வீட்டில் ஹசன் நாஸர்.
அப்பா ஏமனிலிருந்து வந்த கப்பல்காரர்,
கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்.
அம்மா ஜாரோ ஊர்க்காரி.
இடுப்புப் பட்டையின் உள்பக்கம், வெளியே தெரியாமல்,
சொந்தப் பெயரைப் பச்சை நூலில் தைக்கச் சொன்னான்.
சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினான்.
அந்த எழுத்து எனக்கென்ன தெரியும்?
அட்டையைத் தலைகீழாகப் பிடித்துத் தைத்துவிட்டேன்.
அதைப் போட்டுக்கொண்டே ஆறு சண்டை ஜெயித்தான்.
அவன் அப்பாதான் ஒருநாள் கடைக்கு வந்து,
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"மாற்றாதே அம்மா, குனிந்து பார்த்தால்
அவனுக்கு நேராகத்தான் தெரிகிறது" என்றார்.

லான்ஸ் ஹெஸ்லப் ரகசியப் பை கேட்டான்.
சண்டைக் கால்சட்டையில் யாராவது பை வைப்பார்களா?
திரும்பி வரும் ரயில் சீட்டை வைக்க என்றான்.
லீட்ஸில் ஒருமுறை தோற்றவனை மேனேஜர் விட்டுவிட்டுப் போக,
ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று இரவு.
அதற்கப்புறம் சீட்டுக்குத்தான் முதல் காவல்,
தாடைக்கு இரண்டாவது.
வியர்வையில் ஊறிய சீட்டை நீட்டும்போது
டிக்கெட் பரிசோதகர் முகம் சுளிப்பாராம்.

செப்டிமஸ் ரட்.
வீட்டில் ஏழாவது பிள்ளை.
வாரத்தில் ஆறு நாள் படகுத்துறையில் கயிறு வீசுபவன்.
குளிர் வந்தால் அவன் விரல்கள் மடங்காது.
அவன் கோட்டுக்கு உள்ளே பெரிய கொக்கிகள் வைத்து,
மேலே சும்மா பொத்தான்கள் தைத்துக் கொடுத்தேன்.
ஊர் பார்க்கப் பொத்தான், அவனுக்குக் கொக்கி.
போட்டுப் பார்த்தான், கழற்றினான், மறுபடி போட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் கடை வாசலில்
காகிதத்தில் சுற்றிய நான்கு ஹெரிங் மீன்.

"ஒருநாள் வந்து பாரேன், ஹில்டா" என்றான் ஒரு வெள்ளிக்கிழமை.
கல்யாண உடுப்பொன்றுக்கு ஓரம் அடிக்க வேண்டும் என்றேன்.
உண்மைதான், அடிக்க வேண்டியிருந்தது.
ஆனால் அது செவ்வாய்க்கிழமைக்கு.

நோட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்.
அங்குலமாக, அரை அங்குலமாக,
வருஷா வருஷம் பெருத்து,
பிறகு ஒரேயடியாக மெலிந்து.
செப்டிமஸுக்குப் பக்கம் இல்லை.
பார்த்தே வெட்டுவேன்.

அவன் கோட்டு இன்னும் கொக்கியில் தொங்குகிறது,
கிழிந்த கைமடிப்பைத் தைத்து, இஸ்திரி போட்டு.
மூன்று ஷில்லிங் பாக்கி.