கூண்டு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
புயல் கூண்டு ஏற்றுவது என் வேலை.
சென்னையிலிருந்து தகவல் வரும்:
ஒன்று ஏற்று, மூன்று ஏற்று.
ஏற்றுவேன்.
டிவிக்காரர்கள் வந்து
என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுக்
கூண்டைப் படமெடுப்பார்கள்.
புயல் பெரும்பாலும் ஆந்திரா பக்கம் போய்விடும்.
இறக்கு என்பார்கள். இறக்குவேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன்.
நாலாவது மணியில்தான் போனை எடுத்தேன்.
விளக்கேற்றினேன், பதிவேட்டில் எழுதினேன்,
படகுகள் எல்லாம் கரையிலேயே இருந்தன.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.
அன்றைக்கு ஏற்றிய கூண்டு
எனக்குள் இன்னும் இறங்கவில்லை.

ஒன்றரைக்குக் கண் திறந்துகொள்ளும்.
போன் அடிக்கவில்லை என்பதை
உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.
சுவர்ப்பக்கம் திரும்பியபடி வேதவல்லி சொல்வாள்:
"நீங்க முழிச்சிருக்கிற சத்தத்துல
எனக்கும் தூக்கம் போவுது."

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில்
ஹபீபுல்லா பாய் நாட்டுமருந்துக் கடை.
தூக்கம் வேணும் என்றேன்,
கால் கிலோ பருப்பு கேட்பதைப் போல.
பிரஷர் மாத்திரை உண்டா, தைராய்டு உண்டா,
டாக்டரிடம் காட்டினீர்களா என்று
எல்லாம் கேட்டபிறகுதான் டப்பாவைத் திறந்தார்.
அமுக்கரா.
பாலாவியில் வேகவைத்து, உலர்த்தி, இடித்தது.
"மோந்து பாருங்க."

குதிரை.
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
ஐம்பது ரூபாய்க்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
அலை வரைக்கும் போய்த் திரும்புமே ஒரு வெள்ளை,
அதன் சேணத்துக்கு அடியில் ஊறிய வேர்வை.
வடமொழியில் பேரே அப்படித்தானாம், குதிரை வாடை.
ஓடுகிற சாதியிடம் போய்த் தூக்கம் கேட்பதா என்றேன்.
தராசில் எண் நிற்கும்வரை காத்திருந்து
"நூத்தி இருபது" என்றார்.

ஒரு ஸ்பூன், சுடுபால், பனங்கற்கண்டு.
கரைவதில்லை.
அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
கலக்கிக் கலக்கிக் குடிக்க வேண்டும்.
முதல் நாள் ஏப்பம்தான் வந்தது.
நாலாம் நாள் வழக்கம்போல் ஒன்றரை.
ஒன்பதாம் நாள் ஒன்றே முக்கால்.
அந்தக் கால் மணி நேரம்
வேர் தந்ததா, மார்கழிக் குளிர் தந்ததா,
"தம்ளர் கழுவணும்" என்று சாக்குச் சொல்லி
நான் குடித்து முடிக்கும்வரை
எதிரில் உட்கார்ந்திருந்தாளே, அவள் தந்ததா,
எந்தப் பதிவேட்டில் பார்ப்பது?

ஒரு சாயங்காலம் அந்தக் குதிரையைப் பார்க்கப் போனேன்.
சுண்டல் வண்டிக்குப் பின்னால்
ஒரு காலை லேசாக மடித்து
நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தது.
"இது கோழித்தூக்கம் சார்" என்றான் குதிரைக்கார அஞ்சாப்புலி.
"அசந்து தூங்கணும்னா கீழ படுக்கணும்.
படுக்கணும்னா பக்கத்துல இன்னொண்ணு
முழிச்சு நிக்கணும்.
இங்க ஏது இன்னொண்ணு?
கொட்டாயில நான் கட்டில் போட்டு உக்காந்தா
அப்புறமாப் படுக்கும்."
குழந்தை ஒன்று வந்தது.
குதிரை கண்ணைத் திறந்து, தூக்கிக்கொண்டு நடந்தது.

பத்தொன்பதாம் நாள்
விழித்தபோது ஜன்னலில் வெயில்.
கை மரத்திருந்தது, தலையணை ஈரம்.
வேதவல்லி அடுப்படியிலிருந்து சொன்னாள்:
"ராத்திரி போன் வந்துச்சு, ராங் நம்பர்.
நான்தான் எடுத்தேன்."
எத்தனை மணிக்கு?
"ஒன்றரை இருக்கும்."
முதல் மணியிலேயே எடுத்தாளா என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

தம்ளர் கழுவப்படாமல் தொட்டியில் கிடந்தது.
அடியில் காய்ந்திருந்த தூளைச் சுரண்டி
ஒருமுறை முகர்ந்தேன்.
வங்கக் கடலில் புதிதாக ஒரு தாழ்வு என்று
செய்தி ஓடிக்கொண்டிருந்தது.
சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.