எடுத்துப் பாக்காதை

புல்வெட்டி மெசினின் தகடு
கல்லில் பட்டுத் தெறித்தது எனக்குக் கேட்கவில்லை.
மெசின் திடீரென்று நின்றதுதான் கேட்டது.

முத்தையன்கட்டு வாய்க்கால் வரம்பில்
தவநேசன் குந்தியிருந்தான்,
தன் தொடையைத் தானே வேடிக்கை பார்ப்பவன் போல.
இரத்தம் வழியவில்லை,
துள்ளியது.

படு, என்றேன்.
"அக்கா, சாரம் புதுசு."
படடா.

துவாயை மடித்துக் காயத்துக்குள் திணித்து
முழங்கையை மடக்காமல்
என் முழுப் பாரத்தையும் அதில் வைத்தேன்.
அறுபத்துநாலு கிலோ.
பிள்ளைப்பேற்றோடு ஏறிய கிலோக்களுக்கு
அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

கண்ணிவெடி அகற்றும் அணியில்
மூன்று வருசம்
முதலுதவிப் பையோடு மரநிழலில் இருந்தவள் நான்.
ஒருநாளும் அந்தப் பையைத் திறக்க வரவில்லை.
சம்பள நாளில் கொஞ்சம் கூச்சமாயிருக்கும்.

சுகிர்தா ஓடிவந்தாள்.
"நிண்டிட்டுதோ, ஒருக்கா எடுத்துப் பாரனக்கா."
எடுத்துப் பாக்காதை.
ஊறினால் மேலே இன்னொன்று வை.
கொடியில் காய்ந்த மகளின் பள்ளிச் சட்டையை இழுத்தவள்
தருவதற்கு முன்
பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.
ஏனென்று அவளுக்கும் தெரியாது.

அதுவும் நனைந்தது.
என் கைகள் இருந்த இடத்தில் அவள் கைகளை வைத்தேன்.
அமத்து. இன்னும்.
காயத்துக்கு நாலு விரல் மேலே
சோலைக் கிழித்துச் சுற்றி
மெசினோடு சும்மா வந்த ஸ்பனரைச் செருகி
முறுக்கினேன்.
கத்தினான்.
கத்தட்டும், கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது.

நின்றது.

மகளின் பேனையால் அவன் நெற்றியில் எழுதினேன்:
4.10.
பிள்ளை சந்திக்கு ஓடியது,
அம்புலன்சுக்கு ஒழுங்கையைக் காட்ட.

"தண்ணி அக்கா."
பிறகு. மெசின் லீசிங்கிலயோ எடுத்தனி?
"ஓம்."
மாசம் எவ்வளவு?
"ஏழாயிரத்து நானூறு."
எத்தினை மாசம் கிடக்கு? பெருக்கிச் சொல்லு.
பிழையாகச் சொன்னான்.
திரும்பச் சொல்லு.
வாய்க்கால் தன்பாட்டில் ஓடியது.
என் குரல் யாரோ கடைக்காரியின் குரல் போல இருந்தது.

மாங்குளத்திலிருந்து அவர்கள் வந்தபோது
"கையை எடுங்கோ" என்றான் ஒரு பொடியன்.
சுகிர்தாவின் விரல்களை
ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

எனக்கு ஒன்றுமில்லை.
நன்றாகச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன்.
மூன்றாம் நாள் வெங்காயம் உரிக்கையில்
கை நடுங்கத் தொடங்கியது.
மற்றக் கையால் அமத்திப் பிடித்தேன்.
எடுத்துப் பார்க்கவில்லை.

பின்னேரம் வாட்டிலிருந்து தவநேசன் போன் எடுத்தான்.
கால் இருக்காம்.
ஸ்பனரைத்தான்
கேட்டும் தரமாட்டினமாம்.