தட்டுபவன்

ஒன்பது வருடம்
உசுயியின் தலையில் தட்டுவதுதான் என் தொழில்.
மைக்குக்கு இடப்பக்கம் நின்று அவன் உளறுவான்.
வலப்பக்கம் நின்று நான்
"என்னடா பேசுறே" என்று ஒரு தட்டு.
ஓசை வர வேண்டும், வலி வரக் கூடாது.
விரல்களைச் சற்றே குவித்து
உச்சந்தலைக்கும் பிடரிக்கும் நடுவில்.
அதைப் பிடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று.

ஒசாகாவில் இப்படி எத்தனையோ ஜோடி.
எங்கள் பெயர் உப்புக்குடை.
அவன் வைத்தது.
கரையும்வரை எனக்கு அது புரியவில்லை.

நாம்பாவில் நிலவறை அரங்கு, நாற்பது நாற்காலி.
டிக்கெட்டை நாங்களே விற்க வேண்டும்,
விற்காததை நாங்களே வாங்க வேண்டும்.
பதினோரு பேர் வந்த ஓர் இரவில்
ஏழு பேர் எங்களுக்கு அடுத்து மேடையேற இருந்தவர்கள்.
சக கலைஞன் சிரிக்க மாட்டான்.
"நல்லா எழுதியிருக்கீங்க" என்று தலையாட்டுவான்.
அதற்குக் கொட்டாவியே மேல்.

போட்டியில் ஒருமுறை
மூன்றாம் நிமிடத்தில் அவனுக்கு வசனம் மறந்துவிட்டது.
அவன் சொல்லாததற்கும் சேர்த்துத் தட்டினேன்.
கூட்டம் சிரித்தது. நடுவர்கள்
பேனாவை மூடினார்கள்.

டென்னோஜி பக்கம், விடிய விடியத் திறந்திருக்கும் உணவகம்,
மணி இரண்டு.
ஒரு மெலன் சோடா, இரண்டு உறிஞ்சுகுழல்,
புதிய வசனத்துக்கான நோட்டு.
அவன் சொன்னான்:
"நான் விலகிக்கிறேன், கஜிதானி.
மாமனார் கடையில குழாய் ரிப்பேர் கத்துக்கப் போறேன்."

நல்ல ஆரம்பம் என்று நினைத்தேன்.
கை தானாக எழுந்தது.
"என்னடா பேசுறே."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பணிப்பெண்
வாயைப் பொத்திச் சிரித்தாள்,
அடக்க மாட்டாமல் அடுக்களைக்குள் ஓடினாள்.
ஒன்பது வருடத்தில் எங்கள் நேரம்
அவ்வளவு கச்சிதமாய் அமைந்ததே இல்லை.
அவன் தலை நிமிரவில்லை.

பிறகு தனியாக ஏறினேன்.
நானே உளறி நானே தட்டிக்கொள்ள வரவில்லை.
பழக்கதோஷம், மைக்குக்கு வலப்பக்கமே நின்றேன்.
"நடுவுக்கு வாய்யா" என்று
விளக்குப் போடுபவர் கத்தினார்,
அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு அதற்குத்தான்.
பகலில் பார்சல் கிடங்கு.
"இந்த மாசம் போனஸ் உண்டு" என்று மேலாளர் சொன்னபோது
என் வலக்கையை இடக்கையால்
இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் சமையலறைக் குழாய் சொட்டியது.
உண்மையைச் சொன்னால்
வாஷரைக் கழற்றியது நான்தான்.

நீலச் சீருடையில் வந்தான்.
"வணக்கம் ஐயா" என்றான், யாரோ போல.
தொட்டிக்கு அடியில் தலையை விட்டு
வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு
முகத்தில் ஒரு கோடும் அசையாமல் சொன்னான்:
"ஐயா, உள்ளே தண்ணி இருக்கு."

கை பாதி வழி போய்விட்டது.
அவன் ஸ்பேனரைக் கீழே வைக்காமல்
தலையை ஒரு விரற்கடை என் பக்கம் சாய்த்து
அப்படியே இருந்தான்.

நான் தட்டவில்லை.
கை துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

நாலாயிரத்து எண்ணூறு யென் என்று
பில்லைக் கிழித்து நீட்டினான்.
"வெள்ளிக்கிழமை ஷோவுக்கு
டிக்கெட்டா வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"என்னடா பேசுறே" என்றான்.
ஸ்பேனர் இல்லாத கையால் ஒன்று வைத்தான்.

ஓசையே வரவில்லை.
வலித்தது.