ஏழாவது கட்டம்

பேராசிரியர் பதவிக்கான படிவத்தில்
ஏழாவது கட்டம் கேட்கிறது:
உங்கள் ஆய்வால் உலகில் நிகழ்ந்த மாற்றம்.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.

அபர்டீனில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
ரேடியேட்டர் தட்டித் தட்டி எதையோ சொல்ல வருகிறது.
கதவில் என் பெயர்:
முனைவர் இஷ்பெல் கெடஸ், மருத்துவ உளவியல்.
கீழே காய்ந்த பசையின் தடம்,
முன்பிருந்தவரின் பெயர் நீளத்துக்கு.

இருபத்திரண்டு வருடங்கள்.
கட்டுரைகள் முப்பத்தெட்டு.
திரும்பி வந்தவற்றுக்குக் கட்டம் கிடையாது.
'சுவாரஸ்யமானது, ஆனால்' என்று தொடங்கும்
நிதிக்குழுக் கடிதங்களை
ஒரு ஷூ பெட்டியில் சேர்த்திருக்கிறேன்.
வருடம் ஒருமுறை வகுப்பில் படித்துக் காட்டுவேன்.
என் பாடத்திலேயே மாணவர்கள் சிரிக்கும் இடம் அதுதான்.

முதல் ஆய்வு
கடலோடு போனவர்களின் மனைவியரைப் பற்றியது.
உடல் கிடைக்காத துக்கம் எத்தனை மாதத்தில் இறங்கும்?
இருபது கேள்விகள். பூஜ்ஜியம் முதல் நான்கு வரை.
பீட்டர்ஹெட், ஃப்ரேசர்பரோ,
ஹீட்டர் ஓடாத பழைய கார்.
வீட்டுக்கு வீடு தேநீர் குடித்துவிட்டு
கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூசி
நெடுஞ்சாலை வரை அடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.
இதையெல்லாம் 'முறையியல்' என்று எழுதினேன்.

நாற்பத்தொன்றாம் எண்
மீன் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தவள்.
படகு போய் ஆறு வருடம்.
தூக்கம்? நான்கு. பசி? நான்கு.
சிரித்துக்கொண்டே நான்கு நான்காக வட்டம் போட்டாள்.
பதினேழில் பேனா நின்றது:
அவர் திரும்பி வருவார் என்று எண்ணுவதுண்டா?
நான்குக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில்
ஐந்து என்று தானே எழுதி
அதற்கு வட்டம் போட்டாள்.
"உங்க தாள்ல இடம் பத்தல" என்றாள்.

வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
உள்ளே வடிவம் கெடாமல் செய்தித்தாள் திணித்திருந்தது.
அந்த வாரத்துச் செய்தித்தாள்.
அதைப் பற்றி என்னிடம் கேள்வி இல்லை.

மேற்பார்வையாளர் பென்சிலால் கோடிட்டார்:
விலகிய புள்ளி. எடுத்துவிடு.
எடுத்தேன்.
வளைகோடு அழகாக இறங்கித் தரையைத் தொட்டது.
பதினெட்டு மாதத்தில் துக்கம் தணியும்
என்று அச்சேறியது. அறுநூறு பேர் மேற்கோள் காட்டினார்கள்.
அந்தக் கோட்டின் மேல்தான்
இந்த வேலை, வீட்டுக்கடன், தட்டுகிற ரேடியேட்டர்.
ஒரு காப்பீட்டு நிறுவனமும் அதைப் படித்தது.
பத்தொன்பதாம் மாதம் முதல்
விதவைகளின் ஆலோசனைச் செலவை நிறுத்திக்கொண்டது.

உலகில் நிகழ்ந்த மாற்றம்.

போன வாரம் ரூரி, என் ஆய்வு மாணவன்,
பழைய தரவை இறக்கிக்கொண்டே கேட்டான்:
"நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருதே?"
எலி தின்றிருக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அலமாரியில் தாள் இருந்தது.
அவள் இல்லை. பெயரும் முகவரியும்
நெறிமுறைப்படி பத்து வருடத்தில் அழிக்கப்பட்டன.
கையெழுத்து என்னுடையது.

ரூரி ஒவ்வொன்றாகத் தட்டினான்.
பதினேழில் கணினி சிவப்பாக மறுத்தது:
அனுமதிக்கப்பட்ட உச்சம் நான்கு.
அவன் என்னைப் பார்த்தான்.
மாற்று என்றேன்.

பெரிதாக ஒன்றும் அசைந்துவிடவில்லை.
ஒருத்திதானே.
கோட்டின் வலது முனை மட்டும்
தரைக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது,
இறங்காமல்.

இதழுக்குத் திருத்தக் கடிதம் போய்விட்டது.
படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
ஏழாவது கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
இடம் நிறைய இருக்கிறது.